வடிகட்டாத சாட்சியம்

ஜூன் 4

இன்று மதியமும் சத்தம் இருந்ததாக மனைவி சொன்னாள். தட்டுகளைக் கழுவிவிட்டுத் தட்டச்சு மேசைக்குப் போனவள், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்பது போன்ற சத்தம் என்பது அவளுடைய வர்ணனை. இது தொடங்கிய நாள்முதல் இந்த வர்ணனை ஒருமுறைகூட மாறவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். தெருவில் லாரி இல்லை. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். இறுதியில் மெயின் சுவிட்சையே இறக்கினேன். வீடு முழுதும் அடங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள், "இப்பத்தான் நல்லாக் கேக்குது" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை என்பதனால் சத்தம் இல்லை என்று ஆகிவிடாது. அவளுக்குக் கேட்கிறது என்பதனால் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. இதை அவளிடமே சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்போ நான் சொல்றது பொய்யா?"

பொய் என்று சொல்லவில்லை, நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொல்கிறேன் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு வரி தவறாமல் தட்டச்சு செய்வது அவளுடைய தொழில். சாட்சி இருமினானா, செருமினானா என்று பிரித்து எழுதுகிறவள். இப்போது வேலை வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறாள்.

ஜூன் 7

காது மருத்துவரிடம் போய்வந்தோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். இடது காது சற்றே மந்தம். வயதின் காரணமாக இருக்கலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருப்பதால் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றார். எதைத் தேடுவதற்கு என்று கேட்டேன். கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் இருந்தால் இப்படிச் சத்தம் கேட்பதுண்டு, பெரும்பாலும் இருக்காது என்றார். "பெரும்பாலும்" என்ற சொல்லை என் வக்கீல் தொழிலில் நான் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

படியிறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அப்படிப் பிடிக்கிறவள் அல்லள். "சத்தம் வெளியிலதாங்க இருக்கு. தலைக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது," என்றாள்.

ஆகவே பிரச்சினை தெளிவாக வரையறுக்கப்பட்டுவிட்டது. சத்தம் வெளியில் இருக்குமானால் அவள் நலமாக இருக்கிறாள். அது வெளியில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு என்னுடையது. ஸ்கேனை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

மச்சினன் வந்திருந்தான். மனைவியின் தம்பி, மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன். விஷயத்தைச் சொன்னதும், சுவரின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் ஓர் உருளையைத் தன் பழைய அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருவதாகச் சொன்னான். உள்ளங்கையில் அடங்குவதாம். காதுக்குப் பிடிபடாத மிக மெல்லிய உறுமலும் அதற்குப் பிடிபடுமாம். ஆனால் அந்த மின்னழுத்தத்தை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குள் கொண்டுவர ஒரு மாற்றி தேவை. விநாடிக்கு இத்தனை முறை என்று எட்டிப் பார்த்து, பார்த்ததை எண்ணாக எழுதிவைப்பதுதான் அதன் வேலை. நம் வீட்டுக் கணிப்பொறிக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

கணிப்பொறியின் மேல் இருந்த துணியை எடுத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்து பார்த்தான். பெட்டிபோல் பருத்த அந்தத் திரையைத் தட்டிக்கொடுத்தான்.

"அத்தான், இது இன்னும் வேலைக்குப் போகுதா? நான் ரிட்டயர் ஆயிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

அதில் ஒரு பழுதும் இல்லை என்றேன். பழுதில்லாததை மாற்றுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. தவிர, அவன் தரப்போகும் பதிவு நிரல் இந்தத் தலைமுறைக் கணிப்பொறியில் மட்டுமே ஓடுமாம்.

ஜூன் 13

நான்கு நாட்களாக இதே வேலை.

கணிப்பொறியில் ஏற்கெனவே ஒரு சவுண்ட் கார்டு இருக்கிறது. அதுவே போதாதா என்றுதான் முதலில் நினைத்தேன். போதாது. அது பாட்டுக்கும் பேச்சுக்கும் செய்யப்பட்டது. மெதுவான அசைவு எதையும் வாசலிலேயே நிறுத்திவிடும். அவள் சொல்லும் உறுமல் அந்த மெதுவான வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் புதிய பெட்டிகள் அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றை இயக்கும் டிரைவர் நிரல் நம் கணிப்பொறியின் இயங்குதளத்தைக் கண்ட மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். எஞ்சியவை இரண்டு. பெட்டிக்குள் சொருகும் கார்டு ஒன்று, மூடப்பட்ட ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது. மற்றொன்று பின்பக்கத் துளையில் இணைக்கும் சிறு பெட்டி. வேகம் குறைவு, ஆனால் எண்கள் நுட்பம். வேகமான துடிப்புகளை உள்ளே விடாத ஒரு வடிகட்டி அதற்குள்ளேயே இருக்கிறது; கார்டில் அது இல்லை.

கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்விகளை மச்சினன் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "கார்டை வாங்கப் போறீங்களா, கூண்டுல ஏத்தப் போறீங்களா?" என்றான்.

ஜூன் 18

முடிவெடுத்துவிட்டேன். கார்டு.

மச்சினனுக்கு உடன்பாடில்லை. வடிகட்டி உள்ள பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேகமாத் துடிக்கிறது ஏதாவது உள்ள வந்துச்சுன்னா, மெதுவாத் துடிக்கிற மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிக்கும் அத்தான். சினிமால வண்டிச் சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, அந்தக் கதைதான். ஒருதடவை உள்ள வந்துட்டா அசல் எது வேஷம் எதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. வாசல்லயே நிறுத்தணும்."

அவன் கருத்தை மதிக்கிறேன். ஆனால் அதன் பொருளை அவன் உணரவில்லை. சாட்சி வாய் திறப்பதற்கு முன்பே அவன் சொல்லப்போவதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, மீதியை மட்டும் பதிவுசெய்து, இதுதான் சாட்சியம் என்று முன்வைப்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்: நீக்கப்பட்டது என்ன? முதலில் முழுவதும் பதிவாகட்டும். வேண்டாததைப் பின்னர் காரணம் எழுதி விலக்கலாம்.

"இது கோர்ட்டு இல்ல அத்தான், கரண்ட்டு," என்றான்.

ஜூன் 20

கார்டைச் சொருகினோம். கணிப்பொறி அதை அடையாளம் காண மறுக்கிறது.

ஜூன் 24

அடையாளம் கண்டுகொண்டது. தட்டச்சு மேசையை நகர்த்திப் போட்டு, அதன் பின்னால் உருளையைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தியாயிற்று. கேபிள் கணிப்பொறித் திரைக்குப் பின்புறமாக வருகிறது. வேகத்தைக் கூட்டினால் பழைய கணிப்பொறிக்கு மூச்சு வாங்குகிறது. இடையிடையே எண்களைத் தவறவிடுகிறது. தவறவிட்ட பதிவு பயன்படாது. எனவே விநாடிக்கு நூறு முறை என்று குறைத்து வைத்தேன். பதிவு நடக்கும்வரை திரையை அணைக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பதிவை விட்டு ஒரு கணமும் அகலவில்லை என்று நாளை என்னால் சொல்ல முடிய வேண்டும்.

ஜூலை 1

இருக்கிறது.

பதிவான எண்களை மச்சினனின் நிரல் கோடுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கோடு. மின்சாரத்தின் சொந்த இரைச்சல் ஓர் ஓரத்தில் விழுகிறது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அதற்கு வெகு கீழே, விநாடிக்குப் பதினைந்து துடிப்பு என்ற இடத்தில், வேறு ஒரு கோடு. மெல்லியது, ஆனால் அசையாதது. நேற்றைய பதிவிலும் இருக்கிறது. முந்தாநாள் பதிவிலும்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். இது என்ன என்றாள். நீ சொன்ன லாரி என்றேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரல் நுனியால் திரையில் அந்தக் கோட்டைத் தொட்டாள். "பாத்தீங்களா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூலை 3

ஒலிப்பதிவு வேலை மீண்டும் வாங்கிவந்திருக்கிறாள். சத்தம் இருக்கிறது, ஆனால் இப்போது பொருட்படுத்தத் தோன்றவில்லை என்கிறாள். தன் தம்பியிடம் தொலைபேசியில், "உங்க அத்தான் கண்டுபிடிச்சுட்டார்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வலது காதில் வைத்துப் பேசுகிறாள். முன்பு இடதில் வைப்பாள். மேசையின் இடம் மாறியதால் இருக்கலாம்.

ஜூலை 6

சுவருக்கு அந்தப் பக்கம் மருந்துக் கிடங்கு. குளிரறை ஒன்று இருக்கிறது. அதன் கம்ப்ரசர் நம் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. வேறு எந்த மூலமும் இந்தத் தெருவில் இல்லை. கிடங்குக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் வரைந்து அனுப்பிவிட்டேன். பதிவின் நகலை இணைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் அதிகமில்லை.

ஜூலை 10

கிடங்குக்காரர் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சண்டைக்கு வந்திருப்பார் என்று எண்ணித் தயாராக இருந்தேன்.

"அடுத்த வீட்டுக்குப் பேப்பர் அனுப்பணுமா சார்? வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதாதா?"

எழுத்தில் இருப்பது இருவருக்கும் பாதுகாப்பு என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அம்மாவுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கா? லீவு அன்னைக்கு மருந்தை எல்லாம் எங்க அண்ணன் கிடங்குக்கு மாத்திட்டு மெஷினை நிறுத்துறேன். சத்தம் நின்னுச்சுன்னா மெஷினை வேற எடத்துக்கு மாத்திடலாம்." அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இத்தனை காலம் அடுத்த வீட்டில் இருந்தும் அவர் எங்கள் வீட்டுக்குள் வருவது இதுவே முதல்முறை.

ஜூலை 14

கம்ப்ரசரை நிறுத்தினார்கள். கோடு நிற்கவில்லை.

அதே இடம். அதே உயரம். நிறுத்தியதாகச் சொல்கிறாரே தவிர நிறுத்தவில்லை என்றுதான் முதலில் எண்ணினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகப் போய், அனுமதி கேட்காமல் இயந்திரத்தின்மேல் கையை வைத்தேன். சில்லென்றிருந்தது, அசைவே இல்லை. காலி அலமாரிகளுக்கு நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். "நம்பிக்கை வரலயா சார்?" என்றார், கோபமில்லாமல்.

திரும்பி வந்து அவளிடம், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கொறஞ்ச மாதிரி இருக்குங்க."

தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். கேட்டதை மட்டுமே எழுதிப் பழகியவள். "இல்ல," என்றாள். "அப்படியேதான் இருக்கு."

ஜூலை 15

மச்சினன் வந்து கேபிள் போகும் வழியைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். "அத்தான், ஸ்க்ரீனை அணைச்சுட்டு ஒரு பதிவு எடுங்க," என்றான்.

அணைத்தேன். கோடு இல்லை. போட்டேன். இருக்கிறது. அணைத்தேன்—இல்லை.

திரை விநாடிக்கு எண்பத்தைந்து முறை துடிக்கிறதாம். அந்தத் துடிப்பு பக்கத்தில் போகும் கேபிளுக்குள் ஏறிவிட்டது. நூறு முறை மட்டும் எட்டிப் பார்க்கும் என் கார்டுக்கு எண்பத்தைந்து எண்பத்தைந்தாகத் தெரியாது. நூற்றுக்கு எவ்வளவு குறைகிறதோ அந்தப் பதினைந்தாகத் தெரியும். வேஷம். நான் வேண்டாம் என்று சொன்ன வடிகட்டி அதை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். நான் காவல் இருப்பதற்காகத் திரையைப் போட்டுவைத்திருந்தேனே, போடாமல் இருந்திருந்தாலும் நின்றிருக்கும்.

சுவரில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

மச்சினன், நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அவனுக்கும் இதற்கு என்ன பொருள் என்று தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

எப்படிச் சொல்லுவேன் இவகிட்ட? பாத்தீங்களான்னு கேட்டாளே. அந்தக் கோட்டைத் தொட்டாளே—நான்தானே கூப்பிட்டுக் காட்டினேன். என்ன அவசரம் எனக்கு? ஒரு நாள் அணைச்சுப் பாத்திருந்தா என்ன?

ஜூலை 16

சொல்லவில்லை.

ஜூலை 17

இன்றும் சொல்லவில்லை. அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜூலை 18

சொன்னேன். திரை, கேபிள், வடிகட்டி, எல்லாவற்றையும் வரிசையாக, எதையும் மறைக்காமல். முடித்ததும் கேட்டாள்:

"நான் சொன்னப்போ நம்பல. அந்தக் கோடு சொன்னதும் நம்பினீங்க. இப்போ கோடு பொய்னு ஆயிருச்சு. அப்போ மறுபடியும் நான் பொய்யா?"

வாழ்நாள் முழுவதும் பதில் சொல்லியே பிழைத்தவன், மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"சத்தம் இருக்குங்க. இப்போ நீங்க பேசுறப்பவும் இருக்கு. வெளியில இல்லன்னா வேற எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு எழுந்து, நாட்காட்டி மாட்டியிருக்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு, "ஸ்கேனுக்கு எப்போ வரச் சொன்னாங்க?" என்றாள்.

ஜூலை 19

கிடங்குக்குப் போய் நோட்டீசைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எழுத்திலும் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

ஜூலை 22

ஸ்கேன் இயந்திரம் பயங்கர இரைச்சல். கதவுக்கு வெளியே இருந்த எனக்கே கேட்டது. வெளியே வந்தவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே, "உள்ள அது போட்ட சத்தத்துல என் சத்தம் கேக்கவே இல்ல. நிம்மதியா இருந்துச்சு," என்றாள்.

ஜூலை 25

இருக்கிறது. இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில். மருத்துவர் பேனா முனையால் காட்டினார். ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வெள்ளையாக, விளிம்பு தெளிவாக, யார் பார்த்தாலும் தெரியும்படி. புற்று வகை அல்ல. உயிருக்கு ஆபத்தில்லை என்றார், எடுத்துவிட்டால். ஆனால் அந்தக் காது போய்விடும்.

ஜூனில் வந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். மெதுவாக வளர்வதுதான், ஆறேழு வாரத்தில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். பெரிய வித்தியாசம். வழக்கம்போல அந்தச் சொல்லில் போய் நின்றேன். மேலும் கேட்க வாயெடுத்தபோது அவள் என் கையைத் தட்டி நிறுத்தினாள். "விடுங்க. டாக்டரைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் ஆட்டோவை நிறுத்திப் பேசி ஏறவைத்தாள்.

ஆகஸ்ட் 2

மச்சினன் கார்டைக் கழற்றி எடுத்துப்போனான். அந்தச் சிறு பெட்டியை வாங்கியிருந்தால், சுவரில் ஒன்றுமில்லை என்பது ஜூன் மாதமே தெரிந்திருக்கும். இதை அவனிடம் சொன்னேன். "தெரிஞ்சிருந்தா வேற ஒரு பெட்டி வாங்கித் தேடியிருப்பீங்க அத்தான்," என்றான். யோசித்துப் பார்த்தேன். தேடியிருப்பேன். அக்காவின் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். சிரிப்புச் சத்தம் கேட்டது, நடுவில் கொஞ்சம் அழுகையும்.

ஆகஸ்ட் 20

காலையில் அவளை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே அழைத்துப்போனார்கள். சாயங்காலம் ஆகியும் வரவில்லை.

ஆகஸ்ட் 21

கண் திறந்தாள்.

செப்டம்பர் 9

அறுவைக்குப் பிறகு வாயின் இடது ஓரம் தொங்குகிறது, தேறிவிடும் என்கிறார்கள். தண்ணீர் குடிக்கும்போது வழிகிறது. துண்டை அவளே வைத்துக்கொள்கிறாள், என்னைத் துடைக்க விடுவதில்லை. இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் காதில் லாரிச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டியோடு நரம்பையும் எடுத்த பிறகு எப்படி என்று கேட்டதற்கு, சிலருக்கு அப்படித்தான், நின்றுபோன செய்தியை மூளை தேடிக்கொண்டே இருக்கும் என்றார் மருத்துவர்.

ஹெட்போனையும், ஒலிப்பதிவை நிறுத்தி ஓட்டக் காலால் மிதிக்கும் பெடலையும் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்துவிட்டாள். ஒற்றைக் காதில் கேட்டால் யார் எந்தப் பக்கமிருந்து பேசுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லையாம். நன்றாக முயன்று பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

செப்டம்பர் 28

இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. கோபம் என்று எண்ணிக் காத்திருந்தேன். பிறகுதான்—

நவம்பர் 2

மதியம் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். செய்தித்தாளின் முதல் பக்கம் என்னிடம், மீதி அவளிடம். படிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு அதிகமா இருக்குங்க," என்றாள்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"தலைக்குள்ள இருக்கறதுக்குப் பக்கம் ஏது?" என்றாள். ஆனாலும் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் கவனித்தாள். கேட்பதில் அவளுக்கு இணை கிடையாது. "சன்னல் பக்கம்தான் வர்ற மாதிரி இருக்கு," என்றாள்.

எழுந்து அவளுடைய நாற்காலியைச் சன்னலிலிருந்து தள்ளிச் சமையலறைப் பக்கம் நகர்த்திப் போட்டேன். அவளுக்கு வலப்புறமாக என்னுடையதையும் போட்டுக்கொண்டேன்.

இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் பரவாயில்லை என்றாள்.